பாடும் தேசத்தின் இசைக் கல்லூரி

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "எஞ்சினியர்தானே, பாலம், பாய்லர், கம்ப்யூட்டர் என்று ஏதாவது எழுதித் தருவான்" என்று நினைத்திருப்பார்கள். நான் எழுதப் போவதோ ஓர் இசைக் கல்லூரியின் சரித்திரம். பால்டிக் கடலோரம் இருக்கும் எஸ்டோனியா என்ற சின்னஞ்சிறு நாட்டின் தலைநகரான தாலினில் அந்தக் கல்லூரி இருக்கிறது. வேலை நிமித்தமாக அந்த ஊரில் இரண்டு வருஷம் இருந்தேன். அப்போது தொற்றிக்கொண்ட ஆர்வம் இது. எனக்கு ஒரு ராகம்கூடப் பாடத் தெரியாது. ஆனால் ஒரு கல்லூரி எப்படி நிற்கிறது, எதனால் ஆட்டம் காண்கிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சங்கீத ஞானம் தேவையில்லை அல்லவா?

எஸ்டோனியாவின் ஜனத்தொகை சுமார் 13 லட்சம்தான். 1940 முதல் அரை நூற்றாண்டு காலம் (நடுவில் 1941-44 ஜெர்மானியர் பிடி போக) சோவியத் யூனியனோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. 1991-ல் மீண்டும் சுதந்திரம் பெற்றது. கம்யூனிச ஆட்சி போனதும் கலைகளெல்லாம் தானாகத் தழைத்திருக்கும் என்றுதான் நாம் சுலபமாக நினைத்துக்கொள்வோம். நடந்த கதை அவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை. அடக்குமுறைக் காலத்தில் அறுந்து போகாத குரு-சிஷ்யச் சங்கிலி ஒன்று, சுதந்திரம் வந்த பிறகு சம்பளப் பிரச்னையில் அறுந்துவிடுமோ என்ற நிலைக்கு வந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

பாட்டிலிருந்து பிறந்த கல்லூரி

எஸ்டோனியரின் தேசிய உணர்வே பாட்டில் தொடங்கியது எனலாம். 1869-ல் டார்ட்டு நகரில் முதல் பாடல் திருவிழா நடந்தது. அப்போது அது ரஷ்ய ஜார் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட பிரதேசம். நிலமெல்லாம் ஜெர்மானியப் பிரபுக்கள் கையில். ஊர் ஊராகச் சேர்ந்திசைக் குழுக்கள் வந்து ஒன்றாக நின்று தாய்மொழியில் பாடின. போர், படையெடுப்பு என்று எத்தனையோ தடைகள் வந்தும் அந்த வழக்கம் இன்றுவரை நிற்கவில்லை.

ஆனால் உயர்கல்வி உள்ளூரில் கிடையாது. முறையாக இசை படிக்க வேண்டுமானால் 1862-ல் தொடங்கப்பட்ட செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரிக்குத்தான் போயாக வேண்டும். ருடால்ஃப் தோபியாஸ், ஆர்தர் காப் முதலிய ஆரம்பகால இசையமைப்பாளர்கள் அங்கே ரிம்ஸ்கி கோர்சகோவிடம் படித்தவர்கள். ஹெய்னோ எல்லரும் அதே கன்சர்வேட்டரிக்காரர்தான்.

1918-ல் நாடு சுதந்திரப் பிரகடனம் செய்தது. மறு வருஷமே, சுதந்திரப் போர் ஓய்வதற்கு முன்பே, தாலினில் உயர் இசைப் பள்ளி திறக்கப்பட்டு விட்டது. அதே 1919-ல் டார்ட்டுவிலும் ஒன்று. எல்லையில் சண்டை நடக்கும்போது இசைப் பள்ளி திறக்கிறார்கள் என்றால், இசையை அவர்கள் எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்று பாருங்கள்! தாலின் பள்ளி 1923-ல் கன்சர்வேட்டரி ஆயிற்று. எல்லர் 1920 முதல் டார்ட்டுவில் கற்பித்து, 1940-ல் தாலினுக்கு வந்து, 1970-ல் மறையும் வரை அங்கேயே ஆசிரியராக இருந்தார். ஐம்பது வருஷம்! நாட்டில் எத்தனை கொடிகள் ஏறி இறங்கின; அவர் வகுப்பு மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

சோவியத் எந்திரம்

சோவியத் ஆட்சியைப் பற்றிப் பேசும்போது இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

முதலில் இருட்டுப் பக்கம். 1944-ல் செஞ்சேனை திரும்பி வருவதற்குள் ஆயிரக்கணக்கானோர் கடல் தாண்டித் தப்பினார்கள். எல்லரின் மாணவரும் பெரிய சிம்ஃபனி இசையமைப்பாளருமான எடுவார்ட் டூபின் சுவீடனுக்குப் போனவர் போனவர்தான். 1950-ல் பாடல் திருவிழாவின் தலைமை நடத்துநர்களான துவுதுர் வெட்டிக், ரிஹோ பேட்ஸ், ஆல்ஃப்ரெட் கரிண்டி மூவரும் கைது செய்யப்பட்டார்கள். மூவரும் கன்சர்வேட்டரி ஆசிரியர்கள். சில வருஷங்கள் கழித்தே விடுதலையானார்கள். வயலின் படிக்கிற பையனும் கட்சி வரலாறு, இயங்கியல் பொருள்முதல்வாதம், அரசியல் பொருளாதாரம் ஆகியவற்றில் பாஸ் பண்ணியாக வேண்டும். ஆராய்ச்சிப் பட்டங்களுக்கு இறுதி முத்திரை மாஸ்கோவிலிருந்துதான் வர வேண்டும்.

இனி மறுபக்கம். எஞ்சினியர் கண்ணால் பார்த்தால் சோவியத் இசைக் கல்வி மிகக் கச்சிதமாகக் கட்டிய எந்திரம். அடித்தளத்தில் குழந்தைகள் இசைப் பள்ளி, ஏழு வருஷம். அதற்கு மேல் இடைநிலை இசைப் பள்ளி, நாலு வருஷம். உச்சியில் கன்சர்வேட்டரி, ஐந்து வருஷம். கீழ்ப்படியில் சேரும் ஆயிரக்கணக்கான குழந்தைகளில் தேறித் தேறி, உச்சிக்கு வருகிறவன் பதினோரு வருஷம் கை பழகியவனாக இருப்பான். உபகாரச் சம்பளம் உண்டு. படிப்பு முடிந்ததும் அரசாங்கமே வேலையிடத்தைக் குறித்துக் கொடுக்கும். மூன்று வருஷம் அங்கே கட்டாயம் வேலை பார்க்க வேண்டும். ஆர்கெஸ்ட்ரா, ஓபரா, வானொலி, இசைப் பள்ளி, கூட்டுப்பண்ணைக் கலாசார மன்றம் என்று எங்காவது ஓரிடம் இருக்கும். பிடித்த இடமா என்பது வேறு விஷயம். வேலையில்லாத இசைக் கலைஞன் என்ற பேச்சே கிடையாது.

அந்த எந்திரத்துக்குள்ளும் மனிதர்கள் இருந்தார்கள் என்பதுதான் முக்கியம். ஆர்வோ பேர்ட் என்ற மாணவர் எல்லரிடம் படித்து 1963-ல் பட்டம் பெற்றார். நம் இனத்துக்கு ஒரு சந்தோஷமான தகவல்: அவர் 1958 முதல் 1967 வரை எஸ்டோனிய வானொலியில் சவுண்ட் எஞ்சினியர்! 1960-ல் அவர் எழுதிய 'நெக்ரோலாக்' மேற்கத்திய பாணியில் இருக்கிறதென்று அதிகாரிகளிடம் திட்டு வாங்கியது. 1968-ல் 'க்ரெடோ' இயேசுவை விசுவாசிப்பதாக வெளிப்படையாக அறிவித்ததால் பெரிய ரகளை ஆயிற்று. அதை நடத்தியவர் நேமே யார்வி. 1980-ல் இருவருமே குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறினார்கள். பேர்ட்டுக்கு எல்லர் என்ன பாணியைச் சொல்லிக் கொடுத்தார் என்று தேடினால் கிடைக்காது. ஏனென்றால் எல்லரிடம் படித்த டூபின், பேர்ட், யான் ரேட்ஸ் மூவரும் மூன்று விதமாக எழுதினார்கள். தன்னைப் போல எழுது என்று சொல்லாத ஆசிரியர் அவர். மேலிடம் ஒரே மாதிரி எழுதச் சொன்ன காலத்தில் அப்படி ஒரு வகுப்பு நடந்தது சாதாரணமா?

ஒரே இரவில் வந்ததும் வராததும்

1980-களின் இறுதியில் நடந்ததை எஸ்டோனியர்கள் 'பாடும் புரட்சி' என்கிறார்கள். 1988 செப்டம்பரில் தாலின் பாடல் மைதானத்தில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் கூடினார்கள் என்று சொல்வதுண்டு. குஸ்டாவ் எர்னெசாக்ஸ் 1944-ல் மெட்டமைத்த தாய்நாட்டுப் பாடல் சோவியத் காலம் முழுக்க மறைமுகத் தேசிய கீதமாக இருந்தது. அந்த எர்னெசாக்ஸும் கன்சர்வேட்டரிப் பேராசிரியர்தான். 1991 ஆகஸ்ட் 20-ல் சுதந்திரம் மீண்டது.

பாடத்திட்டத்தில் சுதந்திரம் உடனே வந்தது. கட்சி வரலாறு போயிற்று. தேவாலய இசை, நவீன இசை, புலம்பெயர்ந்த டூபினின் படைப்புகள் எல்லாம் தடையின்றி மேடைக்கு வந்தன. 1993-ல் கன்சர்வேட்டரி என்ற பெயரும் மாறி எஸ்டோனிய இசை அகாடமி ஆயிற்று. 1957-ல் தொடங்கிய நாடகத் துறையும் அங்கேயே இருந்ததால் 2005-ல் 'இசை, நாடக அகாடமி' என்று பெயர் விரிந்தது.

பணம் மட்டும் வரவில்லை. 1992-ல் விலைவாசி ஏறக்குறைய பத்து மடங்கானது. அந்த ஜூன் மாதம் ரூபிளை ஒழித்து க்ரூன் என்ற சொந்த நாணயத்தைக் கொண்டுவந்தார்கள். 10 ரூபிளுக்கு ஒரு க்ரூன். ஆளுக்கு 1,500 ரூபிள் வரைதான் அந்த விகிதத்தில் மாற்றலாம். வாழ்நாள் சேமிப்பு கையில் 150 க்ரூனாக வந்தால் எப்படி இருக்கும்? 8 க்ரூன் ஒரு ஜெர்மன் மார்க். கணக்குப் போட்டால் 19 மார்க்குக்கும் குறைவு. 80 கிலோமீட்டர் கடலுக்கு அந்தப் பக்கம் ஃபின்லாந்து. எஸ்டோனிய மொழிக்கு உறவான மொழி. பல மடங்கு சம்பளம். இசை ஆசிரியர்களும் வாத்தியக் கலைஞர்களும் கப்பலேறியதில் ஆச்சரியம் உண்டா? முன்பு வெளியே போக அனுமதி இல்லை. இப்போது அனுமதி உண்டு, உள்ளே இருக்கத்தான் வசதி இல்லை.

இந்த நிலையில் 1992-ல் பொறுப்பேற்ற ரெக்டர், பேப் லாஸ்மான் என்ற பியானோ கலைஞர். 2017 வரை 25 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார்.

எந்திரத்தின் பாகங்கள் கழன்றபோது

அவர் காலத்தில் கல்லூரி சந்தித்த சிக்கல்களை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, மேலே வெளியேறும் வழி. கட்டாய வேலை ஒதுக்கீடு போனது. கூடவே வேலையும் போனது. கூட்டுப்பண்ணைகள் கலைக்கப்பட்டதும் அவற்றின் செலவில் நடந்த கலாசார மன்றங்கள் தடுமாறின. இனி ஒரு புல்லாங்குழல் மாணவிக்கு வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கச்சேரி ஏற்பாடு செய்ய, நிதி உதவிக்கு மனுப் போட, ஒப்பந்தம் படித்துக் கையெழுத்திட, ஒலிப்பதிவு செய்யத் தெரிய வேண்டும். இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டிய ஆசிரியர்களே பழைய ஒதுக்கீட்டு முறையில் வந்தவர்கள்.

இரண்டாவது, கீழே உள்ளே வரும் வழி. 1988-ல் அந்த நாட்டில் சுமார் 25,000 குழந்தைகள் பிறந்தன. 1998-ல் சுமார் 12,000. பாதிக்கும் குறைவு! நெருக்கடிக் காலத்தில் ஜனங்கள் பிள்ளை பெற யோசித்தார்கள். இதன் விளைவு உடனே தெரியாது. ஏழு வயதில் இசைப் பள்ளி, பத்தொன்பதில் அகாடமி. ஆக, 1998-ன் பள்ளம் அகாடமி வாசலுக்கு வந்து சேர்ந்தது 2017 வாக்கில். கட்டுப்பாட்டு முறைகள் படித்தவர்களுக்கு இந்த 'டைம் லேக்' சமாசாரம் நன்றாகவே தெரியும். ஆனால் நாட்டுக்குத் தேவைப்படும் டபுள் பாஸ், ஒபோ கலைஞர்களின் எண்ணிக்கை பாதியாகாது. ஆர்கெஸ்ட்ராவில் பாதி நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு சிம்ஃபனி வாசிக்க முடியுமா?

மூன்றாவது, பட்டத்தின் அளவுகோல். 1999-ல் எஸ்டோனியா போலோன்யா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2002-03 முதல் இளநிலை மூன்று வருஷம், முதுநிலை இரண்டு வருஷம் என்று படிப்பு பிரிந்தது. ஐரோப்பா முழுவதும் பட்டம் செல்லும். 2004-ல் ஐரோப்பிய யூனியனிலும் சேர்ந்தாகிவிட்டது. மாணவர்கள் வெளிநாடு போய்ப் படித்து வரலாம். நல்லதுதான். ஆனால் வயலின்காரனின் கை மூன்றாம் வருஷ முடிவில் ஒரு கட்டம் தாண்டிவிடும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதி வைக்க முடியாது. கச்சேரி என்பது ஆராய்ச்சியா, ஒரு பாட்டு எத்தனை பக்கக் கட்டுரைக்குச் சமம் என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. கடைசியில் கச்சேரிகளும் ஆய்வேடும் சேர்ந்த முனைவர் பட்டம் என்று ஒரு வழி கண்டார்கள்.

நான்காவது, மொழி. கல்லூரி அளவில் இசையை எஸ்டோனிய மொழியில் கற்பிக்க முறையான ஏற்பாடு வேறெந்த நாட்டில் இருக்கப் போகிறது? உள்நாட்டு மாணவர் குறைந்தால் வெளிநாட்டு மாணவர் வேண்டும். அவர்களுக்கு ஆங்கிலம் வேண்டும். 2013 முதல், எஸ்டோனிய மொழியில் முழுநேரம் படிப்பவர்களுக்குக் கட்டணமில்லை என்ற சீர்திருத்தம் வந்தது. மாணவனுக்கு இலவசம் சரி. கல்லூரிக்கு அதனால் செலவு குறைந்துவிடுமா?

ஸ்கைப்பும் வயலினும்

இத்தனைக்கும் அடியில் ஒரு கணக்கு ஓடுகிறது. வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1966-லேயே போட்டுக் காட்டிய கணக்கு. தொழிற்சாலையில் எந்திரம் வந்தால் ஒரு ஆள் பத்து ஆள் வேலை செய்வான். அவன் சம்பளமும் உயரும். ஆனால் நாலு பேர் வாசிக்கும் ஒரு வாத்தியக் கோவையை இருநூறு வருஷத்துக்கு முன்பும் நாலு பேர்தான் வாசிக்க வேண்டும், அதே நிமிஷக் கணக்கில். வேகமாக வாசித்து 'உற்பத்தி'யைக் கூட்ட முடியாது. எனவே மற்ற துறைகள் முன்னேற முன்னேற, முன்னேற்றத்தில் எந்தப் பங்கும் வகிக்காத இந்தக் கலை ஒப்பீட்டில் விலை கூடிக்கொண்டே போகும்.

தாலினில் இது கண்கூடு. 2003-ல் வெளிவந்த ஸ்கைப் மென்பொருளை அங்குள்ள எஸ்டோனிய இளைஞர்கள்தான் எழுதினார்கள். (2025-ல் அது மூடப்பட்டது, ஆனால் அது ஊருக்குத் தந்த தெம்பு பெரிது.) ஒருமுறை எழுதிய புரோகிராமைக் கோடிப் பேர் உபயோகிக்கலாம். வயலின் பாடமோ ஒரு ஆசிரியர், ஒரு மாணவர், ஒரு மணி நேரம். நம் வகுப்பில் அறுபது பேர் உட்கார்ந்தோம், தெர்மோடைனமிக்ஸ் ஏறியது. வில் பிடிக்கும் மணிக்கட்டை அறுபது பேருக்கு ஒரே சமயத்தில் திருத்த முடியாது. ஆக, நாட்டின் சம்பள விகிதம் ஏற ஏற, ஒரு மணி நேர வயலின் பாடத்தின் செலவும் ஏறும், பாடம் ஒரு நிமிஷம்கூட மாறாமலே. இந்தக் கணக்கு புரியாதவர்கள் "மாணவர் ஒருவருக்கு இத்தனை செலவா, இது திறமைக் குறைவு" என்பார்கள். நம்மைப் போன்ற எஞ்சினியர்களுக்குத்தான் இந்த வாய் அதிகம். எஃபிஷியன்சி என்ற வார்த்தையை எங்கே போடக்கூடாது என்பதை நான் இந்தக் கல்லூரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எப்படித் தாக்குப்பிடித்தது?

அரசாங்கம் கைவிடவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1999-ல் நகரின் மையத்தில் ரேவாலா சாலையில் புதுக் கட்டடம் வந்தது. நூற்றாண்டு வருஷமான 2019-ல் சொந்தக் கச்சேரி மண்டபமும் கிடைத்தது. ஆனால் கட்டடம் மட்டும் ஒரு கல்லூரியைக் காப்பாற்றாது.

அடித்தளம் அரசாங்கத்தைச் சார்ந்து மட்டும் இருக்கவில்லை என்பதுதான் என் கருத்து. 2019-ல் பாடல் திருவிழாவின் 150-வது ஆண்டில் சுமார் 35,000 பேர் பாடினார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நடத்துநர் தேவை. பள்ளிக்கூடத்துக்கு இசை ஆசிரியர் தேவை. அந்த ஆட்களைத் தருவது இந்த அகாடமி. கூட்டுப்பண்ணை போனாலும் ஊர்ச் சேர்ந்திசைக் குழு போகவில்லை. யாரும் உத்தரவு போடாமல் 1869-ல் தொடங்கியதை யாரும் உத்தரவு போட்டு நிறுத்த முடியவில்லை.

அடுத்து, இருந்தவர்கள். யான் ரேட்ஸிடம் படித்து 1984-ல் பட்டம் பெற்ற எர்க்கி ஸ்வென் ட்யூர், ராக் குழு நடத்திவிட்டு சிம்ஃபனிக்கு வந்தவர். உலகப் புகழ் வந்தும் எஸ்டோனியாவிலேயே இருந்து எழுதியவர். எல்லர், ரேட்ஸ், ட்யூர் என்று அந்தச் சங்கிலி தொடர்ந்தது.

பிறகு, திரும்பி வந்தவர்கள். தாலினில் 'எஸ்டோனியா' என்ற பெயரிலேயே ஒரு பியானோ தொழிற்சாலை உண்டு. 1893-ல் எர்ன்ஸ்ட் ஹீஸ் தொடங்கியது. சோவியத் காலத்தில் அந்தப் பெரிய தேசத்தின் கச்சேரி மண்டபங்களுக்கெல்லாம் பியானோ அனுப்பியது. சோவியத் சந்தை சரிந்ததும் உற்பத்தி அதலபாதாளத்துக்குப் போனது. தாலின் இசைப் பள்ளியில் படித்து, நியூயார்க் ஜூலியர்ட் பள்ளியில் டாக்டர் பட்டம் வாங்கிய இந்திரெக் லாவுல் என்ற பியானோ கலைஞர் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குகளை வாங்கி 2001-ல் அதன் உரிமையாளரானார். வாசிக்கிறவனே தொழிற்சாலைக்குள் நுழைந்து, சுத்தியலையும் பலகையையும் திருத்தி, வாத்தியத்தின் தரத்தை உயர்த்தினார். ஆர்வோ பேர்ட்டும் முப்பது வருஷம் வெளியே இருந்துவிட்டுத் தாய்நாடு திரும்பினார். பல வருஷங்கள் உலகில் மிக அதிகமாக நிகழ்த்தப்பட்ட சமகால இசையமைப்பாளர் என்று பெயரெடுத்தவர் அவர். தம் கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் உள்ளூரிலேயே சேர்த்து வைத்தார். தாலினுக்கு அருகே லாவுலஸ்மா காட்டில் அவர் பெயரிலான மையம் 2018-ல் திறக்கப்பட்டது.

சிக்கல்கள் தீர்ந்துவிட்டன என்று சொல்லமாட்டேன். அந்நாட்டில் பள்ளி ஆசிரியர் வேலைக்கு வரும் இளைஞர்கள் குறைவு. ஆசிரியர்களுக்கு வயதாகிறது. கீழ்ப்படியில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாவிட்டால் உச்சிப்படிக்கு யார் வருவார்? கட்டணமில்லாத படிப்பும் எத்தனை நாள் தாங்கும் என்ற விவாதம் அங்கே ஓயாமல் நடக்கிறது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கல்லூரியை யாராவது வெறும் எண்ணிக்கையால் அளந்தால், இத்தனை பேர் சேர்ந்தார்கள், இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று சொன்னால், அதுவும் வேண்டியதுதான், கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே, உங்களுக்கு ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் புரிய வைத்த ஆசிரியர் யார், அவருக்குப் பின் அந்த இடத்தில் யார் என்றும் விசாரித்துப் பாருங்கள்.

சக பழைய மாணவர்களே, சங்கம் சார்பில் கட்டடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நிதி தருகிறோம், நல்ல காரியம். எங்கெங்கோ வேலையில் இருக்கும் நம்மில் சிலராவது வருஷத்தில் ஒரு வாரம் வந்து வகுப்பெடுத்தால், ஒரே ஒரு நல்ல இளம் ஆசிரியர் வேலையை விட்டுப் போகாதபடி ஓர் உதவித்தொகை ஏற்படுத்தினால், அது அதைவிட நீண்ட நாள் நிற்கும். பொதுக்குழுவில் இதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். உங்கள் யோசனைகளையும் சொல்லுங்கள்.